உளுந்து முளைக்காத தண்ணீர்

கள்ளக்குறிச்சி
14.9.2025

அன்புள்ள தங்கை பெரியநாயகிக்கு,

நலம். போனில் நீ பேசுவது என் காதுக்கு எட்டுவதில்லை, அதனால் எழுதுகிறேன். குழம்பாமல் இருக்க, சொல்லப்போவதை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. நீ பஸ்ஸில் கொடுத்தனுப்பிய குப்பைமேட்டுக் கறுப்புத் தண்ணீரை என்ன செய்தேன்.
2. அது தெளிந்ததா.
3. அப்படித் தெளியவைத்த தண்ணீரை உன் வாய்க்கால் வழியே ஓடைக்கு விட நீ சம்மதிக்கலாமா.

முதலாவது. பேரூராட்சிக்காக அந்தத் தண்ணீரைச் சுத்தம் செய்ய வந்திருக்கும் இன்ஜினியர் சுபாஷ் சொன்ன முறையைத்தான் வீட்டில் செய்தேன். பள்ளியில் வேதியியல் நடத்தியவன்தான், ஆனாலும் பயந்து பயந்துதான் செய்தேன். படிகாரம் போட்டதும் கசடு திரிந்து அடியில் இறங்கியது. மேல்தண்ணீரில் கொஞ்சம் அமிலம், அன்னபேதி என்னும் இரும்பு சல்பேட், பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடு. காயத்தில் ஊற்றினால் நுரைக்குமே, அதன் கெட்டியான வகை. கடைசியில் சுண்ணாம்பு.

இரண்டாவது. தெளிந்தது. ஆனால் கண்ணுக்குத் தெளிந்தால் போதுமா? அன்றே அதில் உளுந்து போட்டேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. குழாய்த் தண்ணீரில் போட்டது முளைத்தது. அமிலம் மிச்சமோ என்று லிட்மஸ் தாளில் தொட்டுப் பார்த்தேன், இல்லை. உப்பா, அம்மோனியாவா, எனக்குப் புரியவில்லை.

மூன்றாவது. புரியாத ஒன்றை உன் கரும்புக்கு நடுவே ஓடவிடு என்று எப்படிச் சொல்வேன்? வேண்டாம் என்றே தோன்றுகிறது.

இருமல் மருந்தை விடாதே.

உன் அண்ணன்
அரங்கநாதன்


வடக்குக் காட்டுக்கொட்டாய்
28.9.2025

அண்ணனுக்குப் பெரியநாயகி எழுதிக்கிறது.

இருமல் கம்மி. வேணாம்னு ஒரு வார்த்த சொல்ல உங்களுக்கு மூணு நம்பரு, ஒரு முழுப் பக்கம் ஆவுது. இருந்தாலும் நீங்க சொன்னா சரின்னு, வேணாம்னே பேரூராட்சியில எழுதிக் குடுத்துட்டேன். "எங்கண்ணன் கெமிஸ்ட்ரி வாத்தியாரு"ன்னு ஜம்பமா வேற பேசினேன்.

தண்ணி போவ வழி இல்லன்னு அவங்க மெஷின ஓட்டல. அப்புறம் அடமழ. குப்பைமேட்டுக் குழி ரொம்பி வழிஞ்சி பக்கத்து வயல் கொளஞ்சியம்மா கெணத்துல எறங்கிடுச்சி. தண்ணி கருப்பட்டிக் காப்பி மாதிரி கெடக்குது. அவளும் நானும் இத்தன வருசமா ஒண்ணா நடவுக்குப் போய்க்கினு வந்துக்கினு இருந்தோம். நேத்து வரப்புல பார்த்து, "இன்னா பெரியநாயகி, உங்கண்ணன் வூட்டுக் குழாயில தண்ணி நல்லா வருதா?"ன்னு கேட்டுட்டுப் போயிட்டா. அதோட பேச்சு இல்ல.

சுபாஷ் தம்பி வந்திச்சி. "சார் பெராக்சைடு எவ்ளோ ஊத்தினாருன்னு மட்டும் கேளுங்கம்மா, ஊத்தினப்புறம் தண்ணிய ஆறவுட்டாரான்னும் கேளுங்க"ன்னுச்சி. பத்தாந்தேதி வரைக்கும் நான் மனசு மாத்திக்கலாமாம். அப்புறம் தொட்டி, மெஷினு எல்லாத்தையும் வேற ஊருக்கு ஏத்திக்கினு போயிடுவாங்களாம்.

விடலாமா வேணாமா, ஒரே வார்த்தையா எழுதுங்க. நம்பரு வேணாம்.

தங்கச்சி
பெரியநாயகி


கள்ளக்குறிச்சி
5.10.2025

பெரியநாயகிக்கு,

நம்பர் போடவில்லை.

சுபாஷின் கேள்வியைப் படித்ததும் அன்று எழுதிவைத்த அளவுக் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னதைப் போல இரண்டு மடங்கு ஊற்றியிருந்தேன். அளவு குறைந்து அழுக்கு தங்கிவிட்டால் உனக்கு ஆபத்தாகுமே என்று பயம். மிஞ்சிய பெராக்சைடு தண்ணீரிலேயே இருந்திருக்கிறது. அது தானாகச் சிதைந்து போகும்படி ஆறவும் விடவில்லை. உளுந்தைக் கொன்றது அதுதான்.

பாட்டிலில் மீதி இருந்த கறுப்புத் தண்ணீரில் மறுபடி செய்தேன். இந்த முறை அவர் அளவு, இரண்டு நாள் வெயிலில் ஆறவிட்டேன். பாதிக்கு மேல் முளைத்திருக்கிறது. மீதி ஏன் முளைக்கவில்லை? உப்பாக இருக்கலாம், அது இந்த முறையில் போகாது. அதனால் அந்தத் தண்ணீரை வயலுக்குப் பாய்ச்சாதே, மாட்டுக்குக் காட்டாதே. தொட்டியில் ஆறவிட்ட பிறகுதான் வாய்க்காலில் விட வேண்டும் என்று சுபாஷிடம் எழுதி வாங்கிக்கொள்.

இதிலும் எங்காவது தவறியிருப்பேனோ என்று நேற்றெல்லாம் குழம்பினேன். நான் குழம்பி முடிப்பதற்குள் பத்தாம் தேதி வந்துவிடும். நீ கேட்ட ஒரே வார்த்தை: விடு.

இனிமேல் வருவது உனக்கு இல்லை. இந்தக் காகிதத்தை அப்படியே கொளஞ்சியம்மாளிடம் கொடு. நேரில் வந்தால் எனக்கு வாய் எழாது.

கொளஞ்சியம்மா, உங்கள் கிணறு எப்போது தெளியும் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததைச் சொல்லி ஆறுதல்படுத்த மாட்டேன். என் தங்கை தன் வயலை நினைத்து மறுத்தாள் என்று எண்ணாதீர்கள். நான் சொன்னேன், அவள் நம்பினாள். அன்று அவளுக்கு மூன்றாவதாக, ‘வேண்டாம்’ என்று எழுதியது தவறு.

அரங்கநாதன்