மூன்று பேருக்கான டிக்கெட்

துபாய்
ஷவ்வால் பிறை ஐந்து

அன்பு மகன் ஹுமைதுக்கு உன் உம்மா மவ்ஸா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நாங்கள் கைகால் அசைவோடு இருக்கிறோம், அந்தப் பனியில் நீயும் இருமல் சளி இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். போன் இருக்கும்போது எதற்கு இந்தக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஒரு சங்கதியை ஆரம்பித்தால் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது, இல்லாவிட்டால் சிக்னல் போய்விடுகிறது. தாளுக்குச் சிக்னல் போகாது. இதோடு ஒரு பெட்டி கலாஸ் பேரீச்சை கூரியரில் வருகிறது, பெட்டியைப் பிரித்ததும் கடிதத்தைத் தூரப் போட்டுவிட்டுப் பழத்தைத் தின்னாதே, முதலில் படி.

அஃப்ராவுக்கு மறுபடியும் பெண் பிள்ளை, உனக்குப் படம் அனுப்பினாள், நீ ஒரு சிவப்பு இதயம் போட்டாயாம். மாமன் என்று ஒரு வார்த்தை வாயால் சொல்லக் கூடாதா. நாற்பது நாள் முடியும்வரை அல் ஐனில் மாமியார் வீட்டில்தான் இருப்பாள், நானும் ஒருமுறைதான் போய்ப் பார்த்தேன், வாப்பாவை விட்டுவிட்டு நகர முடியவில்லை. அவருடைய வலது கண் போனது உனக்குத் தெரியும். இடது கண்ணிலும் அழுத்தம் ஏறிக்கொண்டே இருக்கிறது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடுகிறேன், ஆனாலும் நோன்புக்கு முந்தின ஷஃபான் மாதம் பார்த்த டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கோடை முடியிறதுக்குள்ள வெளிச்சம் இருட்டு மட்டும்தான் தெரியும்போல, பார்க்க வேண்டியவங்களை எல்லாம் பார்த்துக்கச் சொல்லுங்க என்றார். அன்றைக்கே இதை உனக்குச் சொன்னேன். நீ ஒரு நிமிடம் பேசவில்லை. அழுகிறாய் என்று நினைத்து நானும் பேசாமல் இருந்தேன். ஆறு வருடமாக வராத பிள்ளை இதற்காவது கிளம்பிவிடுவான் என்று நம்பினேன். நாலாம் நாள் உன்னிடமிருந்து வந்தது டிக்கெட். விமான டிக்கெட் இல்லை. டவர் உச்சியில் ஏறி ஊரைப் பார்க்க டிக்கெட், அதிலும் பெரிய மனிதர்களுக்கான லவுஞ்சில் சோபாவில் உட்கார்ந்து நோன்பு திறக்க டிக்கெட், ரமலான் பிறை பன்னிரண்டு அன்றைக்கு, மூன்று பேருக்கு. வாப்பா கண் நல்லா இருக்கும்போதே ஊரை மேலேருந்து ஒரு தடவை பாக்கட்டும் உம்மா என்று நீ எழுதியிருந்தாய்.

உன் வாப்பாவிடம் படித்துக் காட்டினேன். எத்தனை பேருக்கு என்றார். மூன்று என்றேன். அந்த மனிதர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அஃப்ரா பிள்ளை பெத்துப் படுத்திருக்கா, நாம ரெண்டு பேரு, அப்போ மூணாவது யாரு என்று என்னையே திருப்பிக் கேட்டுவிட்டு அவரே சிரித்தார். அடியே மவ்ஸா, நோன்பு திறக்கக் கூப்பிட்டவன் வராம இருப்பானா, எந்த ஊர்ல அப்படி நடக்கும், பய நம்மள ஏமாத்தி மேல போய் நிக்கப் போறான் என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. இந்த ஊரில் நோன்பு திறக்க ஒருவரை அழைத்தால் அழைத்தவன் வாசலில் நிற்பான், விருந்தாளி வாயில் முதல் பழம் போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தன் பழத்தை எடுப்பான். நீ பிறந்து வளர்ந்ததும் அப்படிப்பட்ட வீட்டில்தான். ஆள் வராமல் அழைப்பு மட்டும் வரும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை உன்னிடம் கேட்டேனே, நினைவிருக்கிறதா, மூன்றாவது யாருக்கு ஹுமைத் என்று. அது மூணு பேர் செட்டாதான் குடுக்கிறாங்க உம்மா, ஒண்ணை யாருக்காவது குடுத்துடுங்க என்றாய். யாருக்காவது. அதை அவரிடம் போய்ச் சொல்லத்தான் எழுந்தேன். அவர் கண்ணாடி முன்னால் நின்று, பாதி தெரியாத கண்ணோடு, விரலால் தடவித் தடவித் தாடியை ஒதுக்கிக்கொண்டிருந்தார். ரமலான் பிறந்ததிலிருந்து சிடுசிடுவென்று இருந்தவர், பாட்டு மாதிரி ஏதோ முனகிக்கொண்டு. சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று பன்னிரண்டு வரைக்கும் தள்ளிவிட்டேன். அதற்குள் ஆண்கள் கூடி உட்காரும் மஜ்லிஸில் எல்லோரிடமும் சொல்லி முடித்துவிட்டார், மகன் வருகிறான், யாருக்கும் தெரியக் கூடாது என்று. இந்தக் குற்றத்தில் பாதி என்னுடையது, அதை மறைக்கவில்லை.

அன்றைக்கு அஸர் தொழுததும் புதுக் கந்தூரா போட்டு அதற்கு ஊதுக் கட்டைப் புகை காட்டிக் கிளம்பினார். லிஃப்டில் காது அடைத்தது, என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார், பயத்தால் இல்லை. கதவு திறந்ததும் முன்னால் நின்ற ஒவ்வொரு பையனையும் உற்று உற்றுப் பார்த்தார். ஒருவன் உன் உயரம், தோளைத் தொட்டே விட்டார், அவன் குவைத்துக்காரன், சிரித்துக்கொண்டே ஸலாம் சொல்லிவிட்டு நகர்ந்தான். லவுஞ்சில் நம் மேசையில் மூன்று நாற்காலி, நடுவில் ஒரு அட்டை. அங்கே பரிமாறுகிற பெண் நம் ஊர்ப் பிள்ளைதான், ஸலாமா என்று பெயர். அட்டையில என்ன எழுதியிருக்கு படிம்மா என்றார். ஹுமைத் கல்ஃபான், மூணு பேர், சாச்சா என்று உன் பெயரையும் அவர் பெயரையும் சேர்த்து அவள் படித்தாள். கேட்டியா என்பது போல என் பக்கம் திரும்பினார். கண்ணாடிச் சுவரோரத்து நாற்காலியை உனக்கென்று விட்டுவிட்டு இந்தப் பக்கம் உட்கார்ந்தார். சுவருக்கு வெளியே கடலும் பாலைவனமும் முழு ஊரும் கிடந்தன, அவர் ஒருதரம்கூட அந்தப் பக்கம் பார்க்கவில்லை, லிஃப்ட் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். நீ டிக்கெட் எடுத்துக் கொடுத்த காட்சியை நான்தான் பார்த்தேன். எல்லாம் சின்னதாக இருந்தது.

நோன்பு திறக்கும் நேரத்துக்கு வீடியோவில் கூப்பிடுகிறேன் என்று என்னிடம் சொல்லியிருந்தாய். உங்கள் ஊரில் அப்போது காலை நேரம், வேலைக்குப் போகும் முன்னால். நீ கூப்பிட்டால் போனை அவர் கையில் கொடுத்துவிடலாம், உண்மையை நீயே சொல்லிக்கொள், என் நாக்கு தப்பிக்கும் என்று நினைத்தேன். அதனால் போனை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். போனில் பாங்கு ஒலித்தது. சூரியன் போயிடுச்சா என்று கேட்டார். ஆமா என்று சொல்லிப் பழத்தை அவர் கையில் வைத்தேன். பிஸ்மில்லாஹ் சொல்லி வாயில் போட்டு மென்றுவிட்டார். ஸலாமா ஓடி வந்தாள், சாச்சா, இன்னும் மூணு நிமிஷம் இருக்கு, இங்க மேல சூரியன் இன்னும் போகல என்றாள். உனக்கு நான் சொல்ல வேண்டுமா, நூற்றைம்பது மாடிக்கு மேலே இருப்பவர்கள் கீழே பாங்கு சொல்லி மூன்று நிமிடம் கழித்துத்தான் நோன்பு திறக்க வேண்டும், இந்த ஊரில் பள்ளிப் பிள்ளைகூட அதைச் சொல்லும். என் போன் கீழே வீட்டு நேரத்துக்குப் பாங்கு சொன்னது. சூரியன் என் முகத்துக்கு நேரே செக்கச் செவேலென்று நின்றது, நான் சூரியனைப் பார்க்கவில்லை, உன் பெயர் வருகிறதா என்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடலில் மூன்று நாள் தண்ணீர் தீர்ந்த படகில் கிடந்தபோதும் நோன்பை விடாதவர் என்று உன் வாப்பாவைப் பற்றி ஊரே பேசும். அந்த மனிதர் அத்தனை பேர் முன்னால் வாயில் இருந்த பழத்தைக் கைக்குட்டையில் துப்பினார். அடுத்த மேசையில் ஒரு குடும்பம், நோன்பு பிடித்துப் பழகும் சின்னப் பெண் ஒருத்தி, அந்தத் தாத்தா ஏன் முன்னாடியே சாப்பிட்டாங்க என்று உரக்கக் கேட்டாள். அவள் உம்மா வாயைப் பொத்தினாள். எனக்குப் பூமி பிளக்காதா என்றிருந்தது. அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பக்கத்தில் சாய்ந்து, பய வந்ததும் இதைச் சொல்லித் தொலைக்காதே, வருஷம் பூரா சொல்லிச் சிரிப்பான் என்றார்.

நீ கூப்பிடவில்லை. கோதுமையும் இறைச்சியும் குழைத்த ஹரீஸ் வந்தது, விரல் நீளக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரு கரண்டி, மேலே ஒரு பூ. அவர் தொடவில்லை, எல்லாரும் வரட்டும் என்றார். காபி மட்டும் வாங்கினார். எத்தனை பினாயீன் கோப்பை குடிப்பது மரியாதை என்று அவரிடம்தான் நீ கற்றாய், மூன்றோடு கோப்பையை ஆட்டிக் கொடுத்துவிட வேண்டும், அதற்கு மேல் வாங்குகிறவன் காபி காணாதவன் என்று உன் கையில் அடித்தே சொல்லிக்கொடுத்தார். அவர் ஆட்டவே இல்லை. ஸலாமா ஊற்ற ஊற்ற ஏழு கோப்பை குடித்தார். ஆட்டிவிட்டால் விருந்து முடிந்ததாகிவிடும், எழுந்திருக்க வேண்டும், அதுதான். பிறகு அந்தப் பிள்ளை தயங்கித் தயங்கி, சாச்சா, உங்க நேரம் முடிஞ்சிடுச்சு, அடுத்தவங்க வெளியில காத்திருக்காங்க என்றாள். எங்க ஆளு ஒருத்தர் இன்னும் வரலையேம்மா என்றார். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அவன் வரல, வரமாட்டான், எனக்கு முன்னாடியே தெரியும் என்று சொல்லிவிட்டேன். அவர் கோப்பையைக் கீழே வைக்கவில்லை. அப்போ நம்மள யாரு கூப்பிட்டது என்று கேட்டார். கோப்பையை ஆட்டி ஸலாமாவிடம் கொடுத்தார்.

அன்றைக்கு மேலே எங்களை ஸலாமா எடுத்து நான் அனுப்பிய படத்துக்கு மறுநாள் நீ கட்டை விரல் போட்டாய், செம வியூ என்று எழுதினாய். அந்தப் படத்தில் உன் வாப்பாவின் முகத்தைப் பெரிதாக்கிப் பார்.

மறுநாள் அஸருக்குப் பிறகு மஜ்லிஸில் கூட்டம். அடுப்படி ஜன்னல் அந்தப் பக்கம்தான் திறக்கும், நான் சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தேன். வாப்பாவின் கூட்டாளி முஹைர் ஆரம்பித்தார், அவர் நாக்கு உனக்குத் தெரியும், என்ன அபூ ஹுமைத், எங்க அந்தச் சீமான், வந்தானா இல்ல பனியில உறைஞ்சு போயிட்டானா என்று. எல்லோரும் சிரித்தார்கள். உன் வாப்பா, வந்தான் என்றார். கரண்டி என் கையில் அப்படியே நின்றது. மூணு பேரும் மேலதான் நோன்பு திறந்தோம், பாவம் வேலை, அன்னைக்கே ப்ளைட் ஏறிட்டான் என்றார். கண்ணு தெரிஞ்சுதா என்று முஹைர் கேட்டார், இந்தத் தடவை கேலியாக இல்லை. நல்லா பாத்தேன், பக்கத்துல வச்சுப் பாத்தேன், கொஞ்சம் எளச்சிருக்கான், தாடி வச்சிருக்கான் என்றார் உன் வாப்பா. நாற்பது வருடம் அவரோடு குடித்தனம் செய்திருக்கிறேன் ஹுமைத், அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. நோன்பு வாயோடு சொன்னார். எனக்கு உன் மேல் வந்த ஆத்திரம் அப்போதுதான் வந்தது, அதற்கு முன்னால் வந்ததெல்லாம் வெறும் வருத்தம். பெருநாளன்று வந்த பெண்கள் என்னிடமும் கேட்டார்கள். அவரைப் பொய்யராக்க எனக்கு மனம் வரவில்லை. வந்தான், ரெண்டு கிண்ணம் ஹரீஸ் சாப்பிட்டான், என் கைப்பக்குவம் மாதிரி இல்லைன்னான் என்று நானும் சேர்த்துச் சொன்னேன். சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது, அவர்கள் போன பிறகுதான் அழுதேன். இப்போது யாரும் உன் மகன் எப்போது வருவான் என்று கேட்பதில்லை. இன்றைக்கு அவர் முறிந்துபோன அந்த ஒரு நாளுக்கு ஈடாகக் களா நோன்பு பிடித்திருக்கிறார், மக்ரிபுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது, உள்ளே படுத்திருக்கிறார். இந்தக் கடிதம் எழுதுவது அவருக்குத் தெரியாது.

நேரத்துக்குச் சாப்பிடு. வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. கலாஸைக் குளிர்பெட்டியில் வைத்துக் கல்லாக்கிவிடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும், நல்ல பிழைப்பையும், வயதான காலத்தில் உன் முகம் பார்க்க ஓடி வருகிற பிள்ளைகளையும் தரட்டும், இதைச் சாபமாகச் சொல்லவில்லை, துஆவாகத்தான் சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. முஹைரின் மகன் உன் நம்பரை வாங்கிப் போயிருக்கிறான். கூப்பிட்டால் பிறை பன்னிரண்டில் வந்தேன், அன்றைக்கே திரும்பிவிட்டேன் என்று சொல், வாப்பாவை விட்டுக்கொடுத்துவிடாதே. எங்கேயாவது படம் போடுவதாக இருந்தால் தாடி வளர்ந்த பிறகு போடு. கோடைக்குள் நிஜமாகவே வருவதானால் வா, மகன் இரண்டாவது முறையாக வந்திருக்கிறான் என்று ஊரில் சொல்லிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உன் உம்மா,
உம்மு ஹுமைத் என்று ஊரார் இன்னும் கூப்பிடும் மவ்ஸா