ஒன்றரை வேகத்தில் கேட்ட சனிக்கிழமைகள்

சனிக்கிழமை பதினொரு மணியானால் எங்கள் காதுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும் சுசீலா அக்காவுக்கு,

நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்க வேண்டிய காலத்தில் கேட்கவில்லை, இப்போது கேட்டு என்ன? அதனால் உனக்குப் பிடித்த மாதிரி நேரே சமாச்சாரத்துக்கு வந்துவிடுகிறேன்.

டெல்லியில் வெயில் வந்துவிட்டது. சரோஜினி நகரில் ஸ்வெட்டர்களை மூட்டை கட்டிவிட்டுக் காட்டன் குர்த்திகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். இந்த வருஷம் கழுத்தை இறுக்கி மூடித் தைக்கிறார்கள். நீ பார்த்தால் ‘கழுத்து என்னடி பாவம் பண்ணிச்சு’ என்பாய். விலை கேட்டதும் திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும், கடைக்காரப் பையா தானாகக் கூப்பிடுவான் என்று சொல்லிக்கொடுத்தாயே, அப்படியே நடந்தேன். கடைசிக் கடை வரை நடந்துவிட்டேன். யாரும் கூப்பிடவில்லை. நீ கூட வந்தால்தான் கூப்பிடுவார்கள் போலிருக்கிறது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு நம் குழுவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் இந்தி படித்து, தமிழை ஒரு எழுத்தும் வாசிக்கத் தெரியாமல் வளர்ந்த நாற்பது பெண்கள். பாதிப் பேர் சாயங்காலம் யாரோ ஒருவர் வீட்டு அடுப்படியில் சப்பாத்தி போட்டுக்கொண்டிருப்பவர்கள். அவர்களுக்காக நீ வாட்ஸப்பில் குரலாலேயே ஒரு வாரப்பத்திரிகை நடத்தினாய். இருபது நிமிஷம். எந்த ஏரியாவில் தண்ணீர் வராது, எந்த மெட்ரோ வாசலை மூடியிருக்கிறார்கள் என்று முதலில் செய்தி. அப்புறம் உடுப்பு. அப்புறம் அவர்கள் பார்க்க முடியாமல் போன சீரியலின் அந்த வாரக் கதை. கடைசியில் ஏதாவது ஒரு பாட்டிலிருந்து இரண்டு வரி, சுருதி சேராமல்.

சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் உனக்குக் கீழ் வீட்டில் பதினேழு வருஷம் இருந்தவள் நான். முதல் வாரம் உன்னை ‘நீங்க’ என்று கூப்பிட்டதற்கு, ‘நான் என்ன உன் மாமியாரா?’ என்று படியிலேயே வைத்துத் திட்டினாய். குவார்ட்டர்ஸை இடித்தபோது நீ கரோல் பாக் போனாய், நான் துவாரகா வந்தேன். போகும்போது எல்லோரிடமும் ‘இவ என் தங்கச்சி’ என்றாய். அந்த உரிமையில்தான் உன் பதிவுகளை நான் அவ்வளவு அலட்சியமாகக் கேட்டேனோ?

ஒன்றரை வேகத்தில் கேட்டேன், அக்கா. காய் நறுக்கிக்கொண்டே இருபது நிமிஷத்தைப் பதின்மூன்றில் முடித்துவிடுவேன். ‘எங்க அக்கா இழுத்து இழுத்துப் பேசுவா’ என்று ஆபீசில் கேலி வேறு. ஒன்றரை வேகத்தில் உனக்கு மூச்சே வாங்கவில்லை.

தீபாவளி முடிந்ததும் கரோல் பாக்கிலேயே ஆஸ்பத்திரியில் சேர்ந்தாய். ‘சும்மா டெஸ்டுடி, நெஞ்சுல கொஞ்சம் சளி’ என்றாய். ‘அடுத்த வாரம் வர்றேன்கா, மிளகு ரசம் வெச்சு எடுத்துட்டு வர்றேன்’ என்றேன். அடுத்த வாரம் பனி. அதற்கடுத்த வாரம் புகை. அப்புறம் நாத்தனார் வந்துவிட்டாள். துவாரகாவிலிருந்து கரோல் பாக்குக்கு ஒரே மெட்ரோ. மாறக்கூட வேண்டாம். என் அம்மா ஒரு வார்டில் படுத்து எழுந்திருக்காமல் போனதிலிருந்து எனக்கு ஆஸ்பத்திரி வாசனை ஆகாது என்பதுதான் நிஜம். அதைச் சொல்லியிருந்தால் நீ சிரித்துவிட்டு, ‘அப்ப போன்லயே ரசம் வைடி’ என்றிருப்பாய். நான் அதையும் சொல்லவில்லை.

நீ மட்டும் ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை. பின்னால் ‘பீப் பீப்’ என்று கேட்கும். ‘அது இன்வெர்ட்டர் கத்துது, கண்டுக்காதீங்க’ என்பாய். நாற்பது பேரும் நம்பினோமா, நான் மட்டும்தான் நம்பினேனா?

அந்தச் சமயத்தில்தான் சீரியலில் தேவகிக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று. மாடி அறையில் படுத்திருக்கிறாள். அவளுடைய சிநேகிதி பத்மா வாராவாரம் ரசம் சாதம் கட்டிக்கொண்டு பார்க்கக் கிளம்புகிறாள். ஒரு வாரம் மழை, ஒரு வாரம் பஸ் இல்லை, ஒரு வாரம் விருந்தாளி. பத்மா வந்து சேரவே மாட்டேன் என்கிறாள். குழுவில் ஒரே சிரிப்பு. நானும் ஒரு குரல் அனுப்பினேன், ஞாபகம் இருக்கிறதா? ‘இந்தப் பத்மாவுக்கு ரெண்டு அறை குடுக்கணும்கா!’

நீ பதில் அனுப்பினாய். ‘விடுடி, வந்துடுவா.’

கடைசிப் பதிவில் தேவகி வீட்டாரிடம் சொல்கிறாள்: ‘கதவுக்குத் தாழ்ப்பாள் போடாதீங்க. பத்மா வருவா.’ அத்தோடு நிறுத்தினாய். ‘பாட்டு அடுத்த வாரம்’ என்றாய்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மல்லிகா போன் செய்தாள். நம் குழுவில், மூன்று வீட்டில் சமையல் செய்யும் மல்லிகாதான். ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னாள், வேறு எதுவும் சொல்லவில்லை. நான் அப்படியே ஓடி வந்தேன். முக்கால் மணி நேரம்தான் ஆயிற்று. இத்தனை மாதமாக அந்த முக்கால் மணி நேரம் எங்கே போயிருந்தது? உன் கட்டிலில் விரிப்பு மாற்றிவிட்டார்கள். வேறு ஒரு அம்மாள் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். நான் தப்பான வார்டுக்கு வந்துவிட்டேன் என்று நினைத்து நர்ஸிடம் வழி கேட்டேன்.

பத்து நாள் கழித்து, ‘இனி நீங்கதான் சொல்லணும்கா’ என்று எல்லோரும் என் தலையில் கட்டினார்கள். சரி, கதையைப் பிடித்துக்கொள்வோம் என்று அந்தச் சீரியலைப் போனில் போட்டேன். கூடத்துச் சுவரில் தேவகியின் படம். மாலை, சிவப்பு பல்பு. பழைய எபிசோடுகளைத் தேடிப் பார்த்தேன். அந்த நடிகை விலகிவிட்டாளாம். தீபாவளி முடிந்த வாரமே தேவகியைக் கொன்றுவிட்டார்கள். நீ ஆஸ்பத்திரியில் சேர்ந்த அதே வாரம். மாடி அறையும் இல்லை, ரசம் சாதமும் இல்லை. பத்மா என்று அந்தச் சீரியலில் யாருமே கிடையாது.

மல்லிகாவைக் கூப்பிட்டேன்.

“எனக்கு அப்பவே தெரியும்கா. நான் வேலை செய்யற வீட்டுல டிவி ஓடிட்டே இருக்கும். தேவகி செத்துட்டா.”

“ஏன் சொல்லல?”

“அவங்க சொன்ன கதைதான் நல்லா இருந்துச்சு. லீவு நாள்ல போய்ப் பார்ப்பேன்ல, அப்ப கேட்டேன். ‘அவள வேற நான் சாகடிக்கணுமா’ன்னாங்க. அக்கா, தப்பா நினைக்காதீங்க. பத்மா நீங்கதான்னு எங்களுக்கெல்லாம் தெரியும். நீங்க அன்னிக்கு அறை குடுக்கணும்னு சொன்னீங்க பாருங்க, எங்களுக்குச் சிரிக்கறதா அழறதான்னு தெரியல.”

அந்த வாரம் முழுக்க உன் பதிவுகளை முதலிலிருந்து கேட்டேன், இந்தத் தடவை உன் வேகத்தில். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் நீ நிற்கிறாய். இழுத்து மூச்சு விடுகிறாய். யாரோ செருப்பைத் தேய்த்துக்கொண்டு நடக்கிறார்கள். ‘ஜல்தி கரோ’ என்று ஒரு நர்ஸ் அதட்டுகிறாள். நீ அவசரமாக, ‘அச்சா, இந்த வாரம் துப்பட்டாவுல என்ன விசேஷம்னா’ என்று ஆரம்பிக்கிறாய். இன்வெர்ட்டர் கத்துகிறது. இப்போது என் வீட்டில் மிக்ஸி நின்றால்கூட அந்த ‘பீப் பீப்’ கேட்கிறது. என் குரலையும் கேட்டேன். ரெண்டு அறை குடுக்கணும்கா. நல்ல தெளிவான குரல் எனக்கு. அழிக்கலாமா என்று விரலை வைத்தேன். அழிக்கவில்லை.

என் மேல் உனக்குக் கோபமா, அக்கா? கோபமிருந்தால் நேரே திட்டியிருப்பாயே. நாற்பது பேர் நடுவில் எனக்கு மட்டும் புரியட்டும் என்று வாராவாரம் கூப்பிட்டுப் பார்த்தாயா? இல்லை, நீ காத்திருப்பதற்கு ஒரு ஆள் தேவைப்பட்டது, என் ஞாபகம் வந்தது, அவ்வளவுதானா?

குழுவில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பத்மா வந்தாளா? ‘வந்துட்டான்னு சொல்லிடுங்கக்கா, நாங்க ஒண்ணும் கேக்க மாட்டோம்’ என்றாள் மல்லிகா. நானும் அப்படியே ஒத்திகை பார்த்தேன். பத்மா வருகிறாள், ரசம் இன்னும் சூடாக இருக்கிறது, தேவகி எழுந்து உட்காருகிறாள். மூன்று தடவை பதிவு செய்தேன். மூன்று தடவையும் ரசம் என்ற இடத்தில் குரல் நின்றுவிட்டது.

இன்று காலை வேறு மாதிரி சொன்னேன். செய்தி, வெயில், மூடின கழுத்து எல்லாம் முடித்துவிட்டுச் சொன்னேன்: “பத்மா வந்தா. கதவு திறந்துதான் இருந்துச்சு. கட்டில்ல வேற ஒருத்தங்க ஆரஞ்சு உரிச்சிட்டிருந்தாங்க. அந்தப் பத்மா நான்தான். சீரியல்ல அப்படி யாரும் இல்ல. கதை முழுக்க நம்ம சுசீலாக்காவோடது.” அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். அப்புறம் எடுத்துப் பார்த்தால் ஒரே ஒரு பதில்தான். மல்லிகா. “கேட்டேன்கா. முழுசா கேட்டேன்.”

பாட்டு போடவில்லை. நீ அடுத்த வாரம் என்று சொன்னது அப்படியே இருக்கட்டும்.

இனி ஒரு சனிக்கிழமையும் தவற மாட்டேன். குழுவில் யார் படுத்தாலும் அந்த வாரமே ரசத்தோடு போய் நிற்பேன், வாசனை ஆகாவிட்டாலும். பதிவு செய்யும்போது என் வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட மாட்டேன். டெல்லியில் கதவைத் திறந்து போடும் பைத்தியம் என்று பக்கத்து வீட்டில் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். சொல்லட்டும். பதினொரு மணிக்குக் கதவைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருப்பேன். இந்த வாரம் நீ வராவிட்டால் பனி என்று நினைத்துக்கொள்வேன், அடுத்த வாரம் வராவிட்டால் விருந்தாளி. யாராவது கேட்டால், ‘விடுங்க, வந்துடுவா’ என்பேன்.

நீ எல்லோரிடமும் தங்கச்சி என்று சொன்ன,
கீழ் வீட்டு வசந்தா