மேலதிக உறுப்பினர்

அன்புள்ள சிபானா,

அஸ்ஸலாமு அலைக்கும். நன்கு ஆலோசித்து, ளுஹர் தொழுத பின், டிவிப் பெட்டி கேட்ட கேள்விக்கு "வேண்டாம்" என்ற பொத்தானை அழுத்துவதென முடிவெடுத்திருக்கிறேன். இதில் இனி மாற்றமில்லை. உன் சுகம் எப்படி? உம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா?

பயப்பட ஒன்றுமில்லை, சின்ன விஷயம்தான். வெள்ளிக்கிழமைகளில் நீ கல்முனையிலும் நான் கத்தாரிலும் ஒரே நாடகத்தைப் பார்ப்பதற்காக, வீட்டு டிவியில் பூட்டியது போன்ற பெட்டி ஒன்றை இங்கும் வாங்கினேனே. பெட்டி மலிவு. இரண்டுக்கும் ஒரே கணக்கு. அந்தக் கணக்கை ஆராய்ந்த பெட்டி, நான் அந்த வீட்டைச் சேர்ந்தவன் இல்லை என்று திரையில் அறிவித்துவிட்டது. மாதாமாதம் தனியாகப் பணம் கட்டினால் மேலதிக உறுப்பினராகச் சேர்க்குமாம்.

அறையில் கூட இருக்கும் பாலமுனை அஸ்மீர் விழுந்து விழுந்து சிரித்தான். "அந்த வீட்டுல சேர நீ செஞ்ச கலியாணச் செலவோட பாக்கக்குள்ள இது மலிவுதானே மச்சான், ஓமெண்டு அமத்து!"

நான் அழுத்தவில்லை. என் வீட்டில் சேர நான் சந்தா கட்டப்போவதில்லை. நீ வழமைபோல நாடகத்தைப் பார். முடிந்ததும் அழைத்துக் கதையைச் சொல். சுருக்கிச் சொல்லாதே, யார் என்ன உடுத்திருந்தார்கள் என்பதையும் சொல். நம் சின்னவளையும் பக்கத்தில் இருத்திக்கொள். ஊரிலிருந்து யாராவது இங்கு வந்தால் கொஞ்சம் மாசிச் சம்பல் கொடுத்தனுப்பு.

கம்பனி பஸ் வந்துவிட்டது.

ஜெசீல்

பி.கு: வீட்டுப் பெட்டியின் கட்டணம் இந்த மாதமும் என் அட்டையிலிருந்து கழிந்துவிட்டது.