போகும்போது நிற்கக் கூடாத கார்

புரட்டாதி 8, புதன்

வாங்க கொப்பியாரே, இருங்க. சுகமா? நேற்று உங்களைத் தொடவில்லை, குறை நினைக்க வேண்டாம். எனக்கு அவ்வளவு சுகம் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, மனதில் ஒரு நடுக்கம்.

வெயில் கொளுத்துகிறது. வயல் வட்டையில் வெட்டு முடிந்து தாள் மட்டும் நிற்கிறது. மேகம் இல்லை.

பா. காலையில் தேத்தண்ணி பாதி. மத்தியானம் இரண்டு மிடறு. கால் வீக்கம் குறைவு.

பா. என்றால் பாக்கியம், என் மனைவி. சிறுநீரகம் இரண்டும் பழுது. செவ்வாயும் வெள்ளியும் மட்டக்களப்பு ஆசுபத்திரியில் மிசின் போட்டு இரத்தம் கழுவ வேண்டும். அவள் குடிக்கிற தண்ணீரை எழுதி வரச் சொல்லி ஆசுபத்திரித் தாதி மிஸ் கொடுத்த வேலைதான் இந்தக் கொப்பி. நான் மூன்றாம் வகுப்போடு எருமைக்குப் பின்னால் போனவன். எழுதத் தொடங்கினால் தண்ணீரோடு நிற்க மாட்டேன் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. அதனால் முன்பக்கம் மிஸ்ஸுக்கு. பின்பக்கத்தில் இருந்து எனக்கு.

நடுக்கத்துக்குக் காரணம் இதுதான். இவ்வளவு காலமும் மருமகன் சசியின் ஓட்டோவில் போய்வந்தோம். அவன் ஓட்டோவை விற்றுவிட்டுக் கட்டாருக்குப் போய்விட்டான். நல்லதுக்குத்தான். பஸ்ஸில் பா. ஏற மாட்டாள், கழுவி வரும்போது தலை நிற்காது. மகள் சுதா இன்று முற்றத்தில் நின்று சொல்கிறாள்:

"அப்பா, காத்தான்குடியில ஒரு கறண்ட் கார் விக்கக் கிடக்காம். பழசுதான். பெற்றோல் கார் நமக்கு எட்டா. நான் எடுத்த லைசன்ஸ் பெட்டிக்குள்ள கிடந்து பூஞ்சணம் புடிக்குது."

"கறண்ட் காருக்கு எஞ்சின் எங்க இரிக்கி?"

"எஞ்சின் இல்ல. மோட்டர். வீட்டில ஃபேன் சுத்தல்லியா, அப்பிடித்தான்."

"ஃபேன் பட்டிருப்புப் பாலம் தாண்டிப் போறல்லியே புள்ள."

பா. உள்ளே இருந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலம் ஞாபகம் வந்தது. அப்போது ஒரு தரம் மிசின் தவறியது. படுத்தால் மூச்சு முட்டும் என்று பா. இரவு முழுக்கச் சுவரில் சாய்ந்து இருந்தாள். நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிக்கிற சத்தம். அந்தச் சத்தத்தை இன்னொரு தரம் கேட்க என்னால் ஆகாது.

என் பயங்கள்:
1. நடுவழியில் நிற்பது.
2. மாரியில் வீதிக்கு மேலே வெள்ளம். தண்ணீரும் கறண்டும்.
3. சத்தம் இல்லாத வாகனம். வீதியில் நெல் காயப்போட்டவர்களுக்கு வருவது கேட்காது.
4. யானை.
5.

ஐந்தாவதை எழுத மாட்டேன்.

புரட்டாதி 11, சனி

வெயில். பா. தண்ணீர் அளவோடு.

நேற்று வாடகை ஓட்டோவில் போனோம். வரும்போது வெல்லாவெளியில் நிறுத்திவிட்டான். "இதுக்கங்கால பொழுதுபட வரமாட்டன் ஐயா. நேத்தும் தனியன் நிண்டவன்." கூட்டத்தை விட்டுத் தனியாகத் திரிகிற யானையைத்தான் சொல்கிறான். அவனைக் குறை சொல்ல முடியாது, அவனுக்கும் பெண்சாதி பிள்ளை இருக்கிறது. பா.வை மதகில் இருத்திவிட்டு, போகிற வருகிற வாகனத்துக்கெல்லாம் கை காட்டினேன். கடைசியில் மணல் ஏற்றுகிற ட்ரக்டரில் தூக்கி இருத்தி வந்தோம்.

அதனால் இன்று வெள்ளன காத்தான்குடி. சுதாவும் நானும். கார் விற்கிறவர் புஹாரி காக்கா. வெள்ளைத் தொப்பி, வாய் நிறையக் கதை. கார் வெள்ளை, சின்னது. நான் எருமை வாங்கியும் விற்றும் பழகினவன். எருமை என்றால் வாயைத் திறந்து பல் பார்ப்பேன், சுழி பார்ப்பேன், வாலைத் திருகிப் பார்ப்பேன். இதில் எதைத் திருகுவது? கதவைத் திறந்து மூடினேன். சக்கரத்தைக் காலால் தட்டினேன். காக்கா பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணன், அங்க ஒண்டும் இல்ல. இதுட உசிர் அடியில இரிக்கி. பட்டறி. வயசு போன பட்டறி, பொய் சொல்லித் தள்ளி உட்டா எனக்கு ஹறாம். புதுசில ஓடின தூரம் இப்ப ஓடா. உங்கட ஊருக்குப் போய் வரலாம், ஆனாக் கட்டுமட்டுத்தான். ஏசி போட்டாக் குறையும். பாரம் ஏத்தினாக் குறையும்."

"காக்கா, எருமையெண்டா ஒரு நாள் சேத்தில எறக்கிப் பாத்துத்தான் நாங்க வாங்குவம்."

"இதச் சேத்தில எறக்கிராதீங்க வாப்பா! றோட்டில எறக்குங்க. திங்கட்கெழம கொண்டு போய்ச் செவ்வா மிசினுக்குப் போய்ட்டு வாங்க. வீடு சேந்தா வாங்குங்க. சேராட்டி சாவியத் தாங்க. ஆசுபத்திரியில நிக்கிற நேரம் நம்மட கடையில கொண்டுவந்து கம்பியக் குத்துங்க, ஏறிக் கிடக்கும்."

நல்ல மனுசன். அதுதான் இன்னும் பயம். ஏமாற்றுகிறவன் என்றால் விட்டுவிட்டு வந்திருப்பேன்.

எருமைகளை விற்ற காசு ஒரு தரம்தான் இருக்கிறது. இது பிழைத்துப் போனால் விற்க இன்னொரு எருமை இல்லை.

புரட்டாதி 13, திங்கள்

கார் வந்துவிட்டது. சுதாவே ஓட்டி வந்தாள், கள்ளன் வருவது மாதிரி. படலைக்குள் வந்து நின்ற பிறகுதான் நாய் குரைத்தது.

சுதாவின் குசினி ஜன்னலால் கம்பி இழுத்துக் குத்தியிருக்கிறது. அது சுதாவின் வீடு, கலியாணத்துக்கு எழுதிக் கொடுத்தது. எங்கள் ஊர் வழக்கம். நானும் பா.வும் பின்வளவில் சின்னதாய் ஒன்று போட்டிருக்கிறோம், அதில் ஒரு பல்பும் ஒரு ஃபேனும். ஆக, கார் எனக்கு, கறண்ட் மகளுக்கு. இரண்டு தரம் போய் அந்த பிளக்கைத் தொட்டுப் பார்த்தேன். சூடு. காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரி.

"தொடாதீங்க அப்பா, கறண்ட் அடிக்கும்."

பிறகு தொடவில்லை. பக்கத்தில் கதிரை போட்டு இருந்தேன்.

புரட்டாதி 15, புதன்

நேற்று எழுதக் கை வரவில்லை.

போகும்போது ஒரு குறையும் இல்லை. மிச்சம் எவ்வளவு தூரம் ஓடும் என்று முன்னால் ஒரு இலக்கம் எரியும். ஆசுபத்திரி வாசலில் பார்த்தால் வந்ததை விடக் கூடவே மிச்சம். சுதா கேட்டாள், "காக்காட கடைக்குப் போவமா அப்பா?" நான்தான் வேண்டாம் என்றேன். வாங்காத காருக்கு அடுத்த மனுசனின் கறண்டைக் குடிக்கக் கொடுப்பதா? வெட்கமாக இருந்தது. இலக்கம் போதும் என்று காட்டியது. போதும் என்று விட்டோம்.

கழுவி முடிந்து பா. வேர்த்து ஊற்றினாள். ஏசி போட்டோம். களுவாஞ்சிகுடிச் சந்தியில் பஸ் இல்லாமல் நம் ஊர்ச் சனம் இரண்டு பேர். அயல்வீட்டுக் கண்மணி அக்கா ஒரு வாழைக்குலையோடு. கந்தப்போடியார் சைக்கிள் டயர் இரண்டோடு. கண்டுவிட்டுப் போக முடியுமா? பிறகு ஊரில் எந்த முகத்தோடு தண்ணீர் கேட்பது? ஏற்றினோம்.

"அடி ஆத்தே, சத்தமே இல்லியே! ஓடுதா, நிக்கிதா?" கண்மணி அக்கா.

"நீ வாய மூடினா ஓடுறது கேக்கும்கா." போடியார்.

பாலத்தில் இலக்கம் நான் நினைத்ததை விடக் கீழே. ஏசியை நிறுத்தினோம். வெல்லாவெளி தாண்ட, முன்னால் ஒரு ஆமைப் படம் எரிந்தது. "இனி மெல்லத்தான் போகும்," என்றாள் சுதா. குரல் மாறியிருந்தது. கொஞ்ச தூரம் ஆமை மாதிரியே போனது. பிறகு நின்றது. இரண்டு பக்கமும் வட்டை. வீடு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இல்லை. பொழுது மங்கல்.

அவன் எந்தப் பக்கத்தால் வந்தான் என்று எனக்குத் தெரியாது. பின்னால் கிறுகிப் பார்த்தேன், பின்கண்ணாடி முழுக்கச் சாம்பல் நிறம்.

போடியார் வாய்க்குள்ளே சொன்னார். "எஞ்சின முறுக்கு புள்ள. ட்ரக்டர் சத்தத்துக்கு ஓடுறவன்தான் இவன்."

"முறுக்க எஞ்சின் இல்ல மாமா."

"கண்ணகித் தாயே, குளுத்திச் சடங்குக்கு உனக்கொரு குலை தாறன்." கண்மணி அக்கா.

"கையில இரிக்கிற குலையத்தான் இவன் மணந்து வந்திரிக்கான். தாய்க்குப் பொறகு குடு." போடியார்.

சுதாவின் கை ஹோர்னுக்குப் போனது. பா. எட்டி அந்தக் கையைப் பிடித்தாள். "அடிக்காத மனே. நாம இல்லயெண்டு இருப்பம்."

கார் ஒரு பக்கம் சாய்ந்தது. கண்ணாடியில் தும்பிக்கை உரசுகிற சத்தம், சேறு காய்ந்த கோணியை இழுப்பது மாதிரி. நான் பா.வின் இடக்கையைப் பிடித்திருந்தேன். மிசினுக்கு ஊசி குத்துகிற கை. அதில் தோலுக்குக் கீழே இரத்தம் எந்த நேரமும் இரையும், தொட்டால் விரலில் தெரியும். நேற்று அந்தக் காருக்குள் ஓடிக்கொண்டிருந்தது அது ஒன்றுதான். நின்றுவிடுமோ என்று விரலை எடுக்காமல் இருந்தேன்.

எவ்வளவு நேரம் என்று சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது. கார் திரும்ப நிமிர்ந்தது. அவன் தாளுக்குள் இறங்கி, ஒன்றும் நடக்காதவன் மாதிரிப் போனான்.

பிறகு தள்ளினோம். நானும் போடியாரும் கண்மணி அக்காவும். குலையை வாய்க்காலில் எறிந்துவிட்டுத்தான் அக்கா கீழே இறங்கினார். ஊர் முகப்புக் கடையில் கம்பி குத்தி, அங்கிருந்து வீடு.

வேண்டாம். காக்காவுக்குச் சாவியைக் கொடுத்துவிடுவேன். முடிவு.

பா. தண்ணீர் அளவோடு. நான்தான் ஒரு குடம் குடித்திருப்பேன்.

புரட்டாதி 16, வியாழன்

காற்று. கிழக்கே கறுப்பு.

பின்கண்ணாடியில் தும்பிக்கைச் சேறு. கழுவப் போனேன், பா. விடவில்லை. "கிடக்கட்டும். நம்மளத் தொட்டுட்டுப் போனவன்."

"சாவியக் குடுக்கப் போறன்," என்றேன்.

"மறுகா நாளைக்கு மிசினுக்கு என்னத்தில போற?"

"பாப்பம்."

"என்னத்தப் பாப்பம்? இஞ்ச பாருங்க. ஆனை வந்தண்டைக்கு நான் கழுவின ஆள். மூச்சு நல்லா இரிந்த. அந்த இடத்தில விடியமட்டும் எண்டாலும் இரிந்திருப்பன். நீங்கதான் செத்துப் பொழைச்ச."

"நிண்டதுதானே அது?"

"எப்ப நிண்ட? வரக்குள்ள. போகக்குள்ள இது வீட்டில நிரம்பித்தான் போகும். நிண்டா வரக்குள்ளதான் நிக்கும். வரக்குள்ள நிண்டா நிக்கட்டும். போகக்குள்ளதான் எனக்கு நெஞ்சுக்குள்ள தண்ணி."

நான் எழுதாத ஐந்தாவதை அவள் கோழிக்குத் தவிடு பிசைகிற மாதிரிச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பிறகு காக்காவுக்குப் போன் எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன், யானையையும் சேர்த்து.

"அல்லாஹ்! கம்பியக் குத்தச் சொன்னன்தானே? வெக்கமா? இனி வெக்கப்படுற எண்டா நான் தரமாட்டன்."

"வெக்கப்படல்ல காக்கா. ஒவ்வொரு மிசின் நாளும் வாறன்."

ஆக, வாங்கியாயிற்று. காசு நாளை அங்கே. இனி இரண்டு சட்டம். ஒன்று, கடையில் கம்பி குத்தாமல் திரும்புவதில்லை. இரண்டு, பா.வும் சுதாவும் நானும் தவிர யாரையும் ஏற்றுவதில்லை. பஸ் இல்லை என்று அழுதாலும் இல்லை.

கம்பி குத்தியாயிற்று. நிரம்பட்டும்.

புரட்டாதி 17, வெள்ளி

மழை. முதல் மழை. எந்தக் காலத்திலும் கும்பிட்டு நிற்கிற மழை, இன்று பார்த்துப் பெய்கிறது.

இரவு கறண்ட் போயிருக்கிறது. எப்போது போனது என்று ஒருவருக்கும் தெரியாது. விடிய எழும்பி பிளக்கைத் தொட்டேன். குளிர்.

கார் பாதிதான் நிரம்பியிருக்கிறது. சுதா இலக்கத்தைப் பார்த்தாள். "காக்காட கடைமட்டும் போகும் அப்பா." போகும் என்கிறாள், ஆனால் என் முகத்தைப் பார்க்காமல் சொல்கிறாள். காத்தான்குடி தாண்டி ஆசுபத்திரி. கடையில் கம்பி குத்த நேரம் எடுக்கும், மிசின் நேரம் தவறினால் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். ஏசி இல்லை. பாட்டு இல்லை. லைட்டும் கறண்ட்தானே, மழைக்குள் லைட் இல்லாமலா?

பா. நேற்றிலிருந்து கால் வீக்கம். முகமும். படுக்கவில்லை, சாய்ந்துதான் இருந்தாள். மூச்சில் மெல்லிய கொதி. அவளுக்குக் கேட்காது என்று நினைக்கிறேன். எனக்குக் கேட்கிறது.

கடையில் இருந்து ஓட்டோ பிடித்து இவளை அனுப்பலாம். அப்படித்தான் செய்ய வேண்டும். கடை வரைக்கும் போனால் போதும். பாரம் இல்லாமல், மெல்ல. குடையைக்கூட எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இன்றைக்கு நாங்கள் மூன்று பேர் மட்டும், நாலாவது ஒரு கோழிக்குஞ்சுகூட ஏறக் கூடாது, இதை நானே போய்க் கண்மணி அக்காவிடம் முகத்துக்கு நேரே

"இஞ்ச பாருங்க! கொப்பிய வைச்சிட்டு வாங்க, நேரம் போகுது. கண்மணி மச்சாள் ஏறி இரிந்திட்டா, மடியில அரிசி மூட்டையும் வைச்சிரிக்கா, நான் என்னெண்டு எறக்கிற"