முன்னால் நடந்த ஆடு

நவம்பர் 9, ஞாயிறு

காலையில் மழை, பிறகு ஈரப்பனி. சுவிஸ், பேர்ன் ஆஸ்பத்திரி, நான்காம் மாடி. நேற்று பூம்ப்ளிஸ் வீட்டில் இரத்தம் பட்டது. நஞ்சுக்கொடி கீழே இறங்கி, பிள்ளை வரும் வாசலை மறித்துக் கிடக்கிறதாம். நாள் வர இன்னும் இரண்டு மாதம். அதுவரை கட்டில்தான். ஏற்கெனவே இரண்டு தங்கவில்லை. இதுவும் என்றால்... எழுத மாட்டேன்.

என் கணவர் ஜூட் லுசேர்ண் ஹோட்டல் சமையலறையிலிருந்து நேரே ரயிலில் வந்தார். சட்டையில் வெங்காய மணம். நாளைக்குக் கொண்டுவர: சார்ஜர், கம்பளிக் காலுறை, என் தலையணை.

பக்கத்துக் கட்டிலில் சிக்ரூன். ஐஸ்லாந்துக்காரி. எமெந்தாலில் குதிரைப் பண்ணை வேலை. பிரஷர் கூடி வந்து படுத்திருக்கிறாள். அவளுக்கும் இது முதல் பிள்ளை. என் வயதுதான்.

நவம்பர் 10, திங்கள்

வெயில், ஜன்னலில் மட்டும். நஞ்சுக்கொடிக்கு உன் மொழியில் என்ன பெயர் என்று சும்மா கேட்டேன். ஃபில்க்யா என்றாள். கூட வருபவள் என்று பொருளாம். கிறிஸ்தவம் வருமுன் அவர்களுடைய ஆட்கள் நம்பியது: பிள்ளையோடு சேர்ந்து அதன் ஆவியும் பிறக்கும், கடைசிவரை கூடவே திரியும், பெண்ணாக அல்லது மிருகமாக. கண்ணுக்குத் தெரியாது. சாவு நெருங்கும்போதுதான் கனவில் தெரியும். முன்னால் நடந்து போகும்.

எங்கள் காவல் சம்மனசு, அந்த வானதூதர் மாதிரி என்றேன். காப்பாற்றும் என்று சொல்ல முடியாது, கூட வரும், அவ்வளவுதான் என்றாள். சிரித்தாள். பிறகு என் வயிற்றைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

பிள்ளைக்குப் பின்னால் வரவேண்டியது முன்னால் வந்து கிடக்கிறது. நாங்கள் பேசிக்கொள்ளும் ஜெர்மனில் இதை யாரும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் விளங்கியது.

மதியச் சாப்பாடு உருளைக்கிழங்கு. உப்பே இல்லை.

நவம்பர் 12, புதன்

மதியத் தூக்கத்தில் கனவு. இந்த ஆஸ்பத்திரி நடைவழி. எனக்கு முன்னால் ஒரு மண்ணிற ஆடு. பின்னங்கால்கள் நனைந்து சிவப்பு. திரும்பிப் பார்க்கவில்லை.

சிக்ரூனிடம் சொல்லியிருக்கக் கூடாது. முகத்தின் நிறமே மாறிவிட்டது. சிலருக்கு மற்றவருடைய ஃபில்க்யாவும் கனவில் தெரியுமாம். அப்படியென்றால் இது யாருடையது? சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

அவளுடையதாக இருக்கட்டும் என்று நினைத்தேன். ஒரு கணம்தான். மாதாவே.

மாலையில் ஜூட். சொன்னதும் முகம் இறுகியது.

"நீர் அவளோட உதுகளைக் கதைக்காதையும். ஆடெண்டா ஆடு. கனவு."

"உங்களுக்குப் பயமில்லையோ?"

என் கால்களைப் போர்த்திவிட்டார்.

"இருக்க ஏலாமல் ரயிலிலை நிண்டுகொண்டுதான் வாறன்."

நவம்பர் 13, வியாழன்

காலையிலிருந்து மீண்டும் இரத்தம். கொஞ்சம்தான் என்கிறார்கள். பிள்ளையின் இதயத் துடிப்பு மெஷினில் கேட்கிறது, ஓடுகிற மாதிரி. நின்றுவிடுமோ என்று காதை எடுக்கவே முடியவில்லை. முதுகு வலி. இப்போது சூடாக ஏதோ

நவம்பர் 16, ஞாயிறு

இன்றுதான் பேனா பிடிக்க முடிகிறது. வியாழன் கட்டில் முழுக்க இரத்தம். மணியை அழுத்தியது சிக்ரூன். எழும்பவே கூடாதவள் எழும்பி வந்து, அவர்கள் தள்ளிக்கொண்டு போகும்வரை என் கையைப் பிடித்திருந்தாள். வயிற்றை வெட்டி எடுத்தார்கள். மகள். ஒரு முழ நீளம்கூட இல்லை. மூச்சு விடக் குழாய் பொருத்தி, கண்ணாடிப் பெட்டியில். எனக்கு யாருடையவோ இரத்தம் ஏற்றினார்கள்.

நான் இருக்கிறேன். மீண்டும் அதே அறை.

நஞ்சுக்கொடி எங்கே என்று தாதியிடம் கேட்டேன். சோதனைக்கு அனுப்பிவிட்டார்களாம். ஏன் கேட்கிறீர்கள் என்றாள். தெரியாது என்றேன்.

நவம்பர் 17, திங்கள்

வெளியே மூட்டம், எதிர்க் கட்டடம் தெரியவில்லை. சிக்ரூனுக்குப் பிரஷர் இறங்கவில்லை. அவளுக்கும் இன்று வெட்டு. கட்டிலைத் தள்ளுமுன் என்னைப் பார்த்துக் கேட்டாள்: ஆடு யாருடையது? இத்தனை நாளும் அதையே நினைத்துக்கொண்டு கிடந்திருக்கிறாள்.

என்னுடையது என்றேன். வந்தது, போய்விட்டது. எனக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் குரல் நடுங்காமல் சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

பக்கத்தில் கட்டில் நின்ற இடம் வெறுமை. அவள் பெயரைச் சொல்லிச் செபித்தேன். நடைவழியில் யார் ஓடினாலும் அவளுக்காகத்தான் என்று கதவைப் பார்த்தேன்.

மதியம் தாதி சொன்னாள்: பையன், இரண்டு பேரும் சுகம். அழுததில் தையல் இழுத்தது.

ஜூட் வாசலில். மூச்சு வாங்குகிறது.

"குழாயைக் கழட்டிப்போட்டினம். எங்கட பிள்ளை தானா மூச்சு விடுது."

நம்பப் பயம். திரும்பவும் சொல்லச் சொன்னேன், சொன்னார். மகளைப் பார்க்கப் போகச் சக்கர நாற்காலி கேட்டிருக்கிறோம். இன்னும் வரவில்லை.