வழக்காளி முக்கின் பெயரை மாற்ற விடமாட்டேன்

என் அண்ணன் கட்டிக்கொண்டு வந்த, என் உயிரான இசக்கி மதினிக்கு,

நீ போன இடத்தில் பஸ் வசதி எப்படியோ தெரியாது. சரியில்லை என்றால் இந்நேரம் யாரிடமாவது மல்லுக்கு நின்றிருப்பாய். இங்கே நம் ஊரில் ஒரு அக்கிரமம் நடக்கப் பார்க்கிறது. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

நம் வழக்காளி முக்கு பஸ் ஸ்டாப்பில் வெயிட்டிங் ஷெட் கட்டப் போகிறார்கள். நல்லதுதானே என்கிறாயா? பொறு. அதன் நெற்றியில் ‘சாந்தி நகர்’ என்று எழுதப் போகிறார்களாம். சண்டைக்காரிக்கு மலையாளத்தில் வழக்காளி. அப்படி ஒரு பெயரில் ஊர் இருக்கலாமா, அசிங்கமாக இல்லையா என்று புதிதாக வீடு கட்டி வந்தவர்கள் கேட்கிறார்கள். சாந்தியாம் சாந்தி!

அந்தப் பெயர் வந்த கதை அவர்களுக்கு என்ன தெரியும்? தென்காசிப் பக்கத்திலிருந்து மலையாள தேசத்துக்குக் கொத்து வேலைக்கு வந்து இந்த மேட்டில் குடியேறிய நமக்கு அப்போது ஊர்ப்பெயரே கிடையாது. பெயரில்லாத இடத்தில் வண்டி நிற்காது என்று கண்டக்டர் நம்மை வளைவெல்லாம் தாண்டி இறக்கிவிடுவார். வித்துரா சந்தையில் வாங்கிய சுமையோடு, கொட்டுகிற மழையில், வயிற்றுப்பிள்ளைக்காரிகள்கூட நடந்தோம்.

ஒரு நாள் நீ இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாய். மடியில் ஒரு கூடை சாளை மீன். வண்டி பொன்முடி மலைக்குப் போய்த் திரும்பியது, மறுபடியும் போனது, நீ அசையவில்லை. வெயில் ஏற ஏற மீன் நாறத் தொடங்கியது. “அவளை எறக்கி விடு சாரே!” என்று ஆட்கள் கெஞ்சினார்கள். கடைசியில் கண்டக்டர் நம் மேட்டுக்கு நேரே பெல் அடித்து, “எறங்ஙு, வழக்காளி!” என்று கத்தினார்.

“நாளைக்கும் இங்கதான் நிப்பாட்டணும், கேட்டியளா?” என்று சொல்லிவிட்டு நீ மகாராணி மாதிரி இறங்கினாய். பக்கத்தில் இருந்த நான் மூக்கைப் பொத்திக்கொண்டே சிரித்தேன். மறுநாள் அந்த ஆள், “வழக்காளி முக்கு எறங்ஙானுண்டோ?” என்று இறங்க ஆள் கேட்டுக் கூவினார். திட்டித்தான் கூவினார். ஆனால் வண்டி நின்றது.

பெயரை மாற்றச் சொல்லி ஊர்க்கூட்டத்தில் முதலில் கை தூக்கியது யார் தெரியுமா? உன் மகன் மணிகண்டன். கழக்கூட்டம் டவுனில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் துரை, அதற்கென்றே லீவு போட்டு வந்திருந்தான்.

“ஸ்கூல்ல ‘வழக்காளியோட மோன்’னு விளிச்சே என்னைக் கொன்னாங்க அத்தே. அம்மையைத் திட்டின பேரை போர்டுல எழுதி வைக்கணுமா?” என்றான்.

பாவமாகத்தான் இருந்தது. அதற்காக விட்டேனா? “அந்த ஸ்கூலுக்கு உன்னைக் கொண்டுபோனதே அந்தப் பேருல நின்ன பஸ்தாம்ல!” என்றேன். அதன் பிறகு அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஷெட் வரவேண்டிய இடம் என் வீட்டு முன்னால் கிடக்கும் என் மண். எதிர்ப்பக்கம் பள்ளம், வேறு இடம் கிடையாது. “சரசு சேச்சி, ஷெட் வேணுமோ, பேரு வேணுமோ? ஒண்ணு பறயணும்” என்றார் வார்டு மெம்பர்.

“ரெண்டும் வேணும். பழைய பேரு எழுதாம என் மண்ணுல ஒரு கல்லு ஊன விடமாட்டேன்” என்றேன். கூட்டம் கலைந்தது. வேலையும் நின்றுவிட்டது.

இப்போது மழைக்காலம். கைப்பிள்ளைக்காரிகள் என் வாசலுக்கு முன்னால் நனைந்துகொண்டு நிற்கிறார்கள். கூப்பிட்டால் சிலர் வராந்தாவில் ஏறுகிறார்கள், சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். நீ இருந்தால், “பேரு கெடக்கட்டும் சரசு, பிள்ளைக நனையாம இருக்கட்டும்” என்பாயோ? பெயருக்காகவா அன்று நீ உட்கார்ந்தாய்? இந்தக் கேள்விதான் என்னைப் போட்டுப் படுத்துகிறது.

ஆனாலும் மனசு கேட்கவில்லை மதினி. நீ செத்த அன்று “எந்த இசக்கி?” என்று கேட்டவர்கள்கூட, வழக்காளி என்றதும் ஓடி வந்தார்கள். அதையும் துடைத்துவிட்டால் நீ இங்கே வாழ்ந்ததற்கு என்ன இருக்கிறது?

அந்தப் பெயர் ஏறாமல் ஒரு பிடி மண் தரமாட்டேன். இது உன்மேல் சத்தியம். நான் செய்வது தப்பென்றால் நீயே வந்து என்னோடு சண்டை போடு. உன்னைத் தவிர வேறு யாருக்கும் நான் அடங்குவதாக இல்லை.

இப்படிக்கு,
உன் நாத்தனார், என்றைக்கும் உன் கட்சிக்காரி,
சரசு