சிங்கத்தைத் துடைக்காத மாமிக்கு

மாமி,

இன்று காலை நகரசபைக்கு வேலைக்குப் போனபோது முதலில் கண்ணில் பட்டது, புதிய குப்பைத் தொட்டியில் ஒட்டியிருந்த நகரச் சின்னம். கோபுரம் இருந்தது, கீழே மூன்று அலைகள் இருந்தன. சிங்கத்தைக் காணவில்லை.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு உங்களோடு துப்புரவு வேலைக்கு வந்த முதல் கிழமை ஞாபகம் வந்தது. வகுப்பில் எழுந்து பேசப் பயந்துதான் விட்டேன்; துடைப்பம் கேள்வி கேட்காது. வாசல் மண்டபச் சுவரில் பழைய மரச் சின்னம் தொங்கியது. நீங்கள் கோபுரத்தைத் துடைத்தீர்கள், அலைகளைத் துடைத்தீர்கள், மேலே நின்ற சிங்கத்தை மட்டும் விட்டுவிட்டீர்கள்.

"ஊரிலை ஆமிக்காரன்ரை கொடியிலை நிண்ட சிங்கத்துக்குப் பயந்து ஓடி வந்தனான். இஞ்சை வந்து அதுக்கு முகம் கழுவி விடுறதோ?"

ஒரு மாதத்தில் மற்றதெல்லாம் பளபளக்க, சிங்கம் மட்டும் சாம்பல் பூசிய சாமியார் போல நின்றது. டெனிஷ்காரப் பொறுப்பாளர் வந்து காரணம் கேட்டார். நீங்கள் என் முதுகில் இடித்து, "நீ டெனிஷிலை சொல்லு பிள்ளை" என்றீர்கள். கொடியையும் சண்டையையும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாமிக்கு உயரம் என்றால் பயம் என்று முணுமுணுத்தேன். அவர் உங்களை இரக்கத்தோடு பார்த்துவிட்டு ஏணியை என் கையில் தந்தார்.

அன்றிலிருந்து நான் மேலே, நீங்கள் கீழே ஏணியைப் பிடித்தபடி. "வாலையும் துடை. அதிலைதான் அதுக்குத் திமிர்." பொறுப்பாளர் அந்தப் பக்கம் வந்தால் உடனே கண்ணை இறுக்கி மூடிக்கொள்வீர்கள், தரையில் நின்றுகொண்டே.

போன கார்த்திகையில், சின்னத்தை மாற்றப்போகும் அறிவித்தலை உங்களுக்கு வாசித்துக் காட்டினேன். புதியதில் சிங்கம் இல்லை என்றதும் உங்கள் முகம் மாறிவிட்டது.

"அப்ப இதை எங்கை கொண்டுபோய்ப் போடப்போகினம்? கேள் பிள்ளை."

"உங்களுக்குத்தான் அதைப் பிடிக்காதே, மாமி."

"பிடிக்காதுதான். அதுக்காக? எத்தனை வருசம் ஒரே இடத்திலை நிண்டு வேலை செய்தனாங்கள்."

நாளைக்குக் கேட்கிறேன் என்றேன். ஒவ்வொரு நாளும் அதையே சொன்னேன். தை மாதம் வைத்தியசாலைக் கட்டிலில், மூச்சு வாங்க வாங்க, "கேட்டனியோ?" என்றீர்கள்.

"ஓம் மாமி. மியூசியத்திலை வைக்கப்போகினமாம்."

கேட்கவே இல்லை. நீங்கள் நம்பிவிட்டீர்கள். "அங்கை ஆர் துடைக்கிறது?" என்றீர்கள். அதுதான் நீங்கள் என்னோடு கடைசியாகக் கதைத்தது.

இன்று பத்து மணிக்கு இரண்டு பேர் வந்து அந்த மரச் சின்னத்தைக் கழற்றினார்கள். ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பின்கதவை நோக்கித் தூக்கிப் போனார்கள். வெளியே பழைய மேசை கதிரைகள் நிறைந்த குப்பைக் கொள்கலன் திறந்தபடி நின்றது.

நான் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு ஓடிப்போய்க் கதவை மறித்து நின்றேன். இதை எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று, மண்டபம் முழுவதற்கும் கேட்கும்படி, டெனிஷில் கேட்டேன்.